முதலிலிருந்து வேண்டாம்

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். நான் காலேஜைப் பாதியில் விட்டவன். கதை கட்டுகிற அளவுக்கு எனக்குப் படிப்பு ஏறவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். அன்றிரவு நான் குடிக்கவில்லை. ஒரு நிமிடம்கூடத் தூங்கவும் இல்லை.

அப்போது ஒரு நெட்வொர்க் லேபில் இரவு ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் கம்பெனி ரவுட்டர் செய்கிறது. ஆனால் பெட்டி கிடையாது, வெறும் சாஃப்ட்வேர். ஒரு பெரிய சர்வருக்குள் அதை ஓடவிட்டு, சுற்றிலும் இல்லாத ஊர்களையும் இல்லாத லைன்களையும் உருவாக்கி, அவற்றில் டேட்டாவை விரட்டிப் பார்க்க வேண்டும். ஒரு லைனை வெட்டினால் ரவுட்டர் வேறு வழி கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்தால் பாஸ். எல்லாமே பொய் நெட்வொர்க். வெளியுலகத்தோடு ஒரு வயர்கூட அதற்குக் கிடையாது. உள்ளே என்ன ரகளை நடந்தாலும் வெளியே ஈ காக்காய்க்குத் தெரியாது.

அந்தப் பொய் ஊர்களை ஆரம்பத்திலிருந்து கட்ட இரண்டு நாள் பிடிக்கும். அதனால் யாரும் கட்டுவதில்லை. எப்போதோ யாரோ கட்டி முடித்து, ஓடிக்கொண்டிருந்த நிலையிலேயே உறையவைத்துச் சேமித்த ஸ்னாப்ஷாட் ஒன்று இருந்தது. டெஸ்ட் சொதப்பினால் ஒரு பட்டன். எல்லாம் அந்தச் சேமித்த நொடிக்குத் திரும்பிவிடும், நடுவில் எதுவுமே நடக்காத மாதிரி. எல்லாரும் அதைத்தான் அழுத்திக்கொண்டிருந்தோம். கட்டியவர் யார் என்று ஒருவரும் கேட்டதில்லை.

அன்று மாலை லீடர் கிளம்பும்போது என் மேஜையைத் தட்டினார்.

“டேய் அரை என்ஜினியரு, காலைல ஆறு மணிக்குக் கஸ்டமர் வர்றான். தொடர்ந்து ரெண்டு தடவை பாஸ் ஆகணும். ரெண்டும் சுத்தமா முதல்லருந்து.”

“ஆகலன்னா சார்?”

“ஆகலன்னா நீ வீட்லயே தூங்கலாம். நைட் ஷிப்ட் தொல்லையே இல்ல.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்த வருஷத்தில் அது எனக்கு மூன்றாவது வேலை. அண்ணன் வீட்டு ஹாலில் ஒட்டிக்கொண்டிருந்தேன். அண்ணி வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை, பாத்திரங்கள் சொல்லிக்கொண்டிருந்தன. இந்த வேலையும் போனால் எங்கே போய்ப் படுப்பது என்று எனக்குத் தெரியாது.

முதல் ஓட்டம் 12.40-க்குப் படுத்துவிட்டது. பட்டனை அழுத்தினேன். எல்லாம் முதலுக்குத் திரும்பியது. ரவுட்டருக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று சும்மா ஒரு பார்வை பார்த்தேன்.

இரண்டு பேர். ஒருவர் நான்.

யாரோ லாக்-அவுட் செய்யாமல் போயிருப்பார்கள், அதுவும் சேர்ந்தே உறைந்துபோயிருக்கும் என்று நினைத்தேன். காபி எடுக்க எழுந்தேன். அப்போது திரையில் எழுத்துகள் வர ஆரம்பித்தன. என் கையில் காலிக் கப் இருந்தது. கீபோர்டை யாரும் தொடவில்லை.

ஒவ்வொரு எழுத்தாக வந்தது. தப்பாக அடித்து, அழித்து, மறுபடி அடித்து... ஆங்கில எழுத்தில் தமிழ்.

யாராவது இருக்கீங்களா

ரவுட்டருக்கு மனிதப் பேச்சு தெரியாது. யார் எதை அடித்தாலும் அது கட்டளை என்றுதான் நினைக்கும். உடனே பதில் போட்டது.

புரியாத கட்டளை.

கதவு திறக்கல

புரியாத கட்டளை.

மூச்சு முட்டுது

புரியாத கட்டளை.

லீடருக்குப் போன் அடித்தேன். “சார், விளையாடாதீங்க.”

“எவன்டா விளையாடுறது? மணி என்ன தெரியுமா?” வைத்துவிட்டார்.

நானே அடித்தேன்: எங்க இருக்கீங்க?

சர்வர் ரூம். லைட் போயிடுச்சு. புஸ்ஸுனு சத்தம் கேக்குது

சர்வர் ரூம் எங்கள் மாடியிலேயே, நடைபாதையின் கடைசியில். வாட்ச்மேனை இழுத்துக்கொண்டு ஓடினேன். மூச்சு வாங்கிக்கொண்டே பூட்டைத் திறந்தார்.

“உள்ள யாரும் போகல தம்பி. சாவி என் இடுப்புலதான் இருக்கு.”

உள்ளே விளக்கெல்லாம் எரிந்துகொண்டிருந்தது. சர்வர்களின் இரைச்சல். எலும்பைத் தொடும் குளிர். மூலையில் தீயணைப்பு கேஸ் சிலிண்டர்கள், சிவப்பாக. ஒரு நாற்காலி. ஒரு பழைய மானிட்டர், கீபோர்டு. யாரும் இல்லை.

“பாத்தியா? பசில கண்ணக் கட்டுது உனக்கு.”

கீபோர்டின் மேல் கை வைத்தேன். அந்தக் குளிரில் அது மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது.

திரும்பி வந்தபோது என் திரையில் புதிதாக ஒரு வரி இருந்தது.

கதவு திறந்த சத்தம் கேட்டுச்சு... யாரும் உள்ள வரலயே

அதன் பிறகு வந்தவை சொற்களே இல்லை. கண்டபடி எழுத்துகள். கடைசியில் ஒரே எழுத்து. ஒரே எழுத்து, நிற்காமல், வரி வரியாக, திரை முழுக்க. யாரோ கீபோர்டின் மேல் தலையைச் சாய்த்துவிட்ட மாதிரி.

நான் உட்கார்ந்தபடியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மணி 1.55.

சாஃப்ட்வேர் கோளாறு. அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். பழைய குப்பை எதுவோ திரும்ப ஓடுகிறது. எனக்கு வேண்டியது இரண்டு பாஸ். பட்டனை அழுத்தினேன்.

யாராவது இருக்கீங்களா

அதே வரி. அதே இடத்தில் அதே எழுத்துப்பிழை. அதே இடத்தில் அழித்து எழுதுவது.

அந்தத் திரையை மூடிவிட்டு டெஸ்டைத் தொடங்கினேன். மூடினால் போய்விடும் என்று நினைத்தேன். நடைபாதையின் கடைசியிலிருந்து தட்டும் சத்தம் வந்தது. முதலில் வேகமாக. பிறகு நிதானமாக. பிறகு... இரண்டு தட்டலுக்கு நடுவில் நான் பத்து வரை எண்ணலாம்.

பிறகு இல்லை.

3.50. டெஸ்ட் பாஸ்.

இன்னும் ஒன்றுதான். சுத்தமாக முதலிலிருந்து. என் விரல் பட்டனின் மேல் கொஞ்ச நேரம் இருந்தது. அண்ணி கழுவும் பாத்திரங்கள் காதில் கேட்டன. அழுத்தினேன்.

திரை திறந்தது. கர்சர் விட்டு விட்டு எரிந்தது. எதுவும் வரவில்லை. ஒரு நிமிடம். இரண்டு.

பிறகு வந்தது. இந்த முறை எழுத்துப்பிழை இல்லை.

நீங்கதானே

புரியாத கட்டளை.

மறுபடியும் நீங்கதானே அழுத்தினீங்க

புரியாத கட்டளை.

முதல்லருந்து வேண்டாம்

உறைந்த நொடிக்குத் திரும்பினால் நடுவில் நடந்தது எதுவும் இருக்கக் கூடாது. அதற்காகத்தான் அந்தப் பட்டன். ஆனால் அந்தப் பக்கம் இருந்தவருக்கு நினைவு இருந்தது.

என்ன செய்யணும்? அடித்தேன்.

அழிச்சிடுங்க

அழித்தால் இரண்டாவது பாஸ் கிடையாது. புதிதாகக் கட்ட நேரமும் கிடையாது. திரையை மூடி டெஸ்டை ஓடவிட்டு இரண்டு மணி நேரம் காதைப் பொத்திக்கொண்டால் போதும், வேலை நிற்கும். ஏற்கெனவே ஒருமுறை செய்ததுதானே.

மூடினேன்.

நடைபாதையில் தட்டல் தொடங்கியது.

காதைப் பொத்தினேன். மேஜை வழியாக முழங்கையில் அதிர்ந்தது. ஒவ்வொன்றும்.

வேகம்...

நிதானம்...

திறந்தேன்.

இருக்கீங்களா

“இருக்கேங்க,” என்றேன், வாய்விட்டு. அந்த அறையில் அதைக் கேட்க யாரும் இல்லை.

ஸ்னாப்ஷாட்டைத் தேர்ந்தெடுத்தேன். சர்வரில் இருந்த பிரதிகளையும் சேர்த்தேன். நிஜமாக அழிக்கவா என்று கேட்டது.

சீக்கிரம்

அழுத்தினேன்.

ஒரு தட்டல் பாதியில் நின்றது.

4.47.

கஸ்டமருக்கு முன்பே, ஐந்தரைக்கு லீடர் வந்தார். கத்துவார் என்று காத்திருந்தேன். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“உனக்கு முன்னாடி நைட் ஷிப்ட்ல ஒரு பொண்ணு இருந்துச்சு,” என்றார். “அந்த செட்டப் அது கட்டினது. சர்வர் ரூம்ல உக்காந்து வேல பாக்கும். போன் உள்ள கொண்டுபோகக் கூடாதுன்னு ரூல், வெளிய டேபிள்ல வெச்சிருந்துச்சு. கரன்ட் போய் கதவு லாக் ஆயிடுச்சு. தீ இல்லாமலே தீயணைப்பு கேஸ் பீச்சிடுச்சு, மூச்சு முட்டியே போயிடுச்சு. மெஷினுங்க மட்டும் பேட்டரில ஓடிட்டு இருந்துச்சு.”

வெளியுலகத்தோடு வயரே இல்லாத மெஷின்கள். அவள் விரலுக்கு எட்டியது அது ஒன்றுதான்.

“ஸ்னாப்ஷாட் எப்ப எடுத்தது சார்?”

“அதுக்குக் கொஞ்சம் முன்னாடி. அதுவே எடுத்து வெச்சுட்டுத்தான் டெஸ்ட் ஆரம்பிச்சிருக்கு.”

“அத ஏன் சார் வெச்சிருந்தீங்க?”

“நல்ல செட்டப்புடா. தூக்கிப்போட மனசு வரல.”

ஐடி கார்டைக் கழற்றி மேஜையில் வைத்தேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. வேலை போனது எனக்கு அப்போது பெரிதாகத் தோன்றவில்லை. ஒரே நிம்மதி.

“எப்படியோ, இனிமே அது இல்ல சார்.”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

“நம்மகிட்டதான்டா இல்ல. போன வருஷமே ஒரு ட்ரெயினிங் சென்டருக்குக் காப்பி குடுத்தாச்சு. ஒரு பேட்ச்சுக்கு நாப்பது பசங்க. தினமும் சாயங்காலம் ஆறரைக்கு கிளாஸ். முதல்ல அதத்தான் திறப்பானுங்க.”

எந்த சென்டர் என்று கேட்டேன். கெஞ்சியும் பார்த்தேன். அவர் சொல்லவில்லை.

இப்போது எனக்குப் பகல் வேலை. ஆறரை மணி ஆனால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுகிறேன். நாற்பது பேர் ஒரே நேரத்தில் அந்தப் பட்டனை அழுத்துவார்கள்.

அவள் ஒருத்திதான்.