மாசியில் வெட்டிய முந்திரிகை

குசினிக்குப் பின்னால் ஒரு முந்திரிகைப் பந்தல் போடப்போகிறேன் என்று என் மனைவி சொன்னபோது நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கை கழுவ முன்பே சண்டையைத் தொடங்கிவிட்டேன். திராட்சை என்று கடைகளில் எழுதி வைத்திருப்பதைத்தான் நாங்கள் முந்திரிகை என்போம். அது வலிகாமத்துச் செம்மண்ணில் வளர்கிற சாமான். எங்களுடைய வளவோ மண்கும்பானில், கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. மாரி முடிந்த கையோடு கிணற்றுத் தண்ணீர் வாய்க்கு நன்றாக இருக்கும். ஆடி பிறந்தால் அதே தண்ணீர் உப்பேறிச் சவர்த்துவிடும், பல் விளக்கவும் மனம் வராது. இந்த லட்சணத்தில் முந்திரிகையா?

“கறிவேப்பிலை வளர்க்கவே இஞ்சை தலைகீழாய் நிக்க வேண்டிக் கிடக்கு. உமக்கு முந்திரிகை கேக்குதோ?” என்றேன்.

“நீங்கள் தூணை மட்டும் நட்டுத் தாங்கோ. மிச்சத்தை நான் பாக்கிறன்,” என்றாள்.

எங்கள் குடும்ப வாழ்க்கையில் அவள் ‘மட்டும்’ என்று சொல்லிக் கேட்ட வேலைகள் எல்லாமே என் முதுகை முறித்தவைதான். கூட்டுறவுச் சங்கக்கடையில் மனேச்சராக இருந்து ஓய்வு பெற்ற புதிது. வீட்டில் சும்மா இருக்கிற ஆம்பிளைக்கு மறுப்புச் சொல்ல வாய் ஏது? சீமெந்துத் தூண் நட்டேன், கம்பி இழுத்தேன். அவள் தமக்கை வீட்டிலிருந்து ஒரு துண்டுத் தடியை ஈரச்சாக்கில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். கிடங்கு ஒன்று வெட்டி ஆட்டெருவும், கரையில் ஒதுங்கி ஒரு மாரி முழுக்க மழையில் உப்புக் கழன்ற சாதாளைக் கடற்புல்லையும் போட்டு நட்டாள். பாத்திரம் கழுவுகிற தண்ணீர், அரிசி களைகிற தண்ணீர் எல்லாம் அதற்குத்தான். அடுத்த வருடம் கொடி பந்தலில் ஏறி என்னை ஏளனமாகப் பார்த்தது.

முந்திரிகை மற்ற மரங்களைப் போலத் தன்பாட்டில் பூத்துக் காய்க்காது. முளை வருகிற கண் ரெண்டை மட்டும் விட்டுக் கொப்புகளை ஒட்ட வெட்டி, இலையை ஒன்று மிச்சமில்லாமல் உருவி, சில நாள் தண்ணீரையும் நிறுத்திப் பட்டினி போட வேண்டும். கொடி மொட்டைத் தடியாக நிற்கும். பிறகு தண்ணீர் காட்டினால் தளிர் வரும், தளிரோடு பூங்கொத்தும் வரும். வெட்டி நாலு மாதம் போனால் பழம். எங்கள் கிணற்றுக்கும் எங்கள் மழைக்கும் மாசி கடைசியில் வெட்டுவதுதான் சரி. பிந்தினால் காய் பெருக்கிற நேரம் பார்த்துத் தண்ணீர் சவர்த்துவிடும். மழைக்காலத்தில் வெட்டினால் பூ அழுகிப் போகும். இதை அவள் வருடா வருடம் எனக்குச் சொல்லுவாள். நான் பேப்பர் பார்த்துக்கொண்டு ஓம் ஓம் என்பேன்.

பூனை எலியைப் பிடித்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள் அவள். ஆனால் வெட்டுகிற நாளில் சட்டையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கதிரையில் ஏறி நிற்பாள். கத்தரிக்கோல் ஓயாது.

“பாவமில்லையே? உப்பிடியே மொட்டை அடிக்கிறது?” என்று ஒருமுறை கேட்டேன்.

“வெட்டாட்டில் இலைதான் வரும். இலையைச் சாப்பிடப் போறீங்களே?” என்றாள்.

முதல் பழம் வந்தபோது நான் ரகசியமாகத்தான் தின்றேன். தோற்றுப்போனதை ஒத்துக்கொள்ள மனமில்லை. ஆனால் விதையை எங்கே துப்பினேன் என்று கண்டுபிடித்துவிட்டாள். ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தாள்.

பிறகு மகளுக்குப் பிள்ளை கிடைக்கப் போகிறது என்று கனடாவிலிருந்து செய்தி வந்தது. இரண்டு பேருமாகப் போகத்தான் யோசித்தோம். தெரிந்தவர்கள் எல்லாரும் தடுத்தார்கள். புருசனும் பெண்சாதியும் சேர்ந்து விசா கேட்டால், திரும்பி வரமாட்டார்கள் என்று நினைத்து மறுத்துவிடுவார்களாம். ஒருவரை ஊரில் நிற்பாட்டினால் மற்றவருக்குக் கிடைக்குமாம். உண்மையோ பொய்யோ, எங்கள் தீவுப் பக்கத்தில் இது இப்போது வழக்கமாகிவிட்டது. பேரப்பிள்ளையைப் பார்க்க ஒருவர் போவார், மற்றவர் பிணைக்கு நிற்பார். கைக்குழந்தையைக் குளிப்பாட்டத் தெரிந்தவள் போனாள். ஒன்றும் தெரியாதவன் பிணை நின்றேன்.

தைப்பொங்கல் முடிய, அவளைப் பிளேனுக்கு ஏற்றிப்போக வான் வந்தது. அழுவாள் என்று பார்த்தால், வானில் ஏறும்போதும் கொடிக்கதைதான்.

“மாசி கடைசியிலை வெட்டுங்கோ. நான் ஆனியிலை வரேக்கை பழம் இருக்கவேணும், கண்டியளோ.”

“முதல் நீர் வாரும்,” என்றேன். நல்ல வார்த்தை ஒன்று சொல்லி அனுப்பியிருக்கலாம். அந்த நேரத்தில் எனக்கு வந்தது அதுதான்.

மாசி வந்தது. எங்கள் பின்னேரம் அவளுக்குக் காலை. போனைச் சைக்கிள் ரியூப் துண்டால் தூணில் கட்டி, வீடியோவில் அவளைப் பார்க்கவிட்டு, அவள் ஏறி நிற்கிற அதே கதிரையில் நான் ஏறினேன்.

“உதில்லை, அதுக்குக் கீழை. ஐயோ, ரெண்டு கண் விட்டு வெட்டச் சொன்னனான், நீங்கள் அடியோடை வெட்டுறீங்கள்!”

“அங்கையிருந்து உமக்குக் கொடியிலை கண் தெரியுதோ?”

“உங்கடை கை தெரியுது. எனக்கு அது காணும்.”

வெட்டி முடித்து இறங்கியபோது எனக்கு மூச்சு வாங்கியது. அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “வடிவா வெட்டியிருக்கிறீங்கள்,” என்றாள். இத்தனை வருடத்தில் என் வேலை ஒன்றை அவள் வடிவு என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஒரு கிழமை முழுக்க நடந்து திரிந்தேன்.

அதற்குப் பிறகு நான் வேறு ஆளாகிவிட்டேன். காலையில் பல் விளக்க முன்பே பந்தலடிக்குப் போய்விடுவேன். தளிர் எவ்வளவு ஓடியிருக்கிறது, பூங்கொத்து எங்கே வந்திருக்கிறது என்று அண்ணாந்து பார்த்துக் கழுத்து நோகும். குடிக்கிறதற்குப் பவுசர் லொறியில் வருகிற தண்ணீரில்கூடக் கொடிக்கு ஒரு பங்கு வைத்தேன். கொடியில் திடீரென்று பாசம் வந்துவிட்டது என்று அயலில் கதைத்தார்கள். எனக்குக் கொடியில் பாசம் இல்லை. காய் மிளகளவு வந்தபோது, கடலையளவு வந்தபோது, அவள் வருகிற நாள் இவ்வளவு கிட்ட வந்துவிட்டது என்றுதான் பார்த்தேன். அவள் இல்லாத வீட்டில் சோறு இறங்கவில்லை. வானொலியைச் சத்தமாகப் போட்டுவிட்டுச் சாப்பிடுவேன், கேட்பதில்லை.

வைகாசியில் கிளிகள் வந்தன. மீன்பிடிக்கிற பெடியளிடம் கிழிந்த வலை வாங்கிப் பந்தலை மூடினேன். ஆனி பிறக்கக் குலைகள் கறுத்து, மேலே சாம்பல் பூத்தது. ஒரு பின்னேரம் அவள் எடுத்தாள். குரலிலேயே தெரிந்துவிட்டது.

“பிள்ளைக்கு இழுப்பு. ராத்திரி முழுக்க நெஞ்சு விசில் மாதிரிச் சீக்காய் அடிக்குது. மகள் தனியப் பயப்பிடுறாள். விசாவை நீட்டிக் கேட்டிருக்கிறம். தைப்பொங்கலுக்குக் கட்டாயம் வருவன்.”

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நின்றது. அதற்குள் பேரனைத் தூக்கித் திரையில் காட்டிவிட்டாள். நெற்றியில் கறுத்த பொட்டு, மூச்சு விடப் பாடுபடுகிற சின்ன நெஞ்சு. அந்தப் பிள்ளையோடு நான் என்ன சண்டை பிடிப்பது?

“பழம் இனிக்குதோ?” என்று கேட்டாள்.

“வந்து தின்டு பாரும்,” என்று சொல்லிப் போனை வைத்தேன்.

அறுத்த முந்திரிகை மாம்பழத்தைப் போல வைக்கோலில் வைத்திருக்கிற சாமான் இல்லை. கோயிலுக்குக் கொடுத்தேன், அயலுக்குக் கொடுத்தேன். ஒரேயொரு குலையை மட்டும் வலைக்குள்ளேயே விட்டுவைத்தேன். ஆடிக்காற்றில் அது சுருங்கி வற்றலாகி, எறும்பு எடுத்துப்போனது.

தைப்பொங்கலுக்கு வருவாள் என்றால் தையில் பழம் இருக்க வேண்டும். தையில் பழம் வேண்டுமென்றால் புரட்டாசியில் வெட்ட வேண்டும். அவள் பிளேன் ரிக்கற் போட்டுவிட்டதாகச் சொன்ன கிழமையே நான் கத்தரிக்கோலை எடுத்தேன். கிணறு சவர்த்துக் கிடந்தது, மழை வரப்போகிறது, எல்லாம் எனக்குத் தெரியும். கண்ணைத் திறந்துகொண்டே வெட்டினேன். பக்கத்து வளவில் புகையிலை வைக்கிற அண்ணை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

“தம்பி, உமக்கென்ன விசரோ? மாரி வரேக்கை ஆர் முந்திரிகை வெட்டுறது?”

“மனுசி தைக்கு வாறா அண்ணை.”

“மனுசி தைக்கு வந்தால் மழை நிக்குமே?”

மழை நிற்கவில்லை. ஐப்பசியில் பூத்தது, பூத்த அன்றே பிடித்த மழை கார்த்திகை வரை விடவில்லை. தறப்பாள் கட்டினேன், காற்று கிழித்தது. இன்னொன்று கட்டினேன். குடையைப் பிடித்துக்கொண்டு ஏணியில் நின்று இலைகளில் மருந்தடித்தேன், அதை மழை கழுவிக்கொண்டு போனது. பூங்கொத்துகள் கறுத்துச் சுருண்டு பிசுபிசுத்து விழுந்தன. விசயத்தைக் கேள்விப்பட்டு அவள் போனில் என்னைப் பிடிபிடியென்று பிடித்தாள். ஆனால் அந்தப் பேச்சுக்கு நடுவில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “எனக்காகவே வெட்டினனீங்கள்?” என்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள். கலியாணம் கட்டின புதிதில் கேட்ட குரல் அது.

பொங்கலுக்கு அவள் வரவில்லை. மகள் வேலைக்குத் திரும்பிவிட்டாள். இழுப்பு உள்ள பிள்ளையை வேறு ஆரிடமும் ஒப்படைக்க அவளுக்கும் மகளுக்கும் மனமில்லை. ஆவணியில் கட்டாயம் வருவேன் என்று சொன்னாள். நான் சரி என்றேன். பானையை இறக்கி, படைத்து, தனியாக இருந்து சாப்பிட்டேன். அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது. அதை அவளுக்குச் சொல்லவில்லை.

ஆவணிக்கு என்றால் சித்திரையில் வெட்ட வேண்டும். கொடியைப் போய்ப் பார்த்தேன். போன வெட்டில் நொந்துபோய், தண்டில் தோல் உரிந்து நின்றது. சித்திரையில் வெட்டி, ஆடியில் சவர்த்தண்ணீரைக் குடித்தால் இது பிழைக்காது. மாசி கடைசி ஒரு காலை, கிணற்றில் ஒரு வாளி அள்ளி வாயில் விட்டுப் பார்த்தேன். நல்ல தண்ணீர். கதிரையைத் தூக்கிக்கொண்டு போனேன். போனைத் தூணில் கட்டவில்லை, அது வீட்டுக்குள் கிடந்தது. ரெண்டு கண் விட்டு, அளவாக, ஒரு பிழையும் இல்லாமல் வெட்டினேன். இலையை உருவிக் கூட்டி அள்ளினேன். வெயில் ஏற முன்பே வேலை முடிந்துவிட்டது. நல்ல பசி எடுத்தது.

பின்னேரம் அவள் எடுத்தபோது நான் பாத்தியைக் கொத்திக்கொண்டு நின்றேன். பேரன் பல் முளைத்ததைக் காட்டினாள். அவன் என்னைப் பார்த்துக் கையை ஆட்டினான். பிறகு அவள் முகம் திரைக்குக் கிட்ட வந்தது.

“பின்னாலை என்ன மொட்டையாய்க் கிடக்கு? வெட்டிப்போட்டீங்களோ?”

“ஓம். காலமை வெட்டினனான்.”

“எனக்குச் சொல்லாமலோ?”

“மாசி கடைசி எல்லோ? நீர்தானே சொல்லுறனீர்.”

“நான் ஆவணியிலை வாறன் எண்டு சொன்னனான்.” விரலை மடக்கி மாதங்களை எண்ணினாள். “இது ஆனியோடை முடிஞ்சிடுமே.”

“பிந்தினால் தண்ணி சவர்த்திடும். இந்த முறையும் பிழையாய் வெட்டினால் கொடி செத்துப்போகும். கொடிக்காகத்தான் வெட்டினனான்.”

பேரன் அவள் தாலிக்கொடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான்.

“போனமுறை ஆருக்கு வெட்டினனீங்கள்?” என்று கேட்டாள்.

அவள் அதைச் சண்டைக்குக் கேட்கவில்லை. காலையில் கதிரையில் ஏறியதிலிருந்து இறங்கும் வரைக்கும் கொடியைத் தவிர வேறொன்றும் எனக்கு நினைவில் இருக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. அவள் போன நாளிலிருந்து அப்படி ஒரு காலை இருந்ததில்லை. எனக்குப் பயமாக இருந்தது. அப்படியில்லை, நீர் நினைக்கிற மாதிரி இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் பிள்ளை இருமத் தொடங்கிவிட்டான். “பொறுங்கோ, வாறன்,” என்று போனை மேசையில் வைத்துவிட்டு அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். திரையில் அந்த வீட்டின் உட்பக்கத்து வெள்ளை முகடு மட்டும் தெரிந்தது. நான் ஒருநாளும் போகாத வீடு. உள்ளே எங்கேயோ அவள் பிள்ளையின் முதுகைத் தட்டித் தட்டி ஏதோ சொல்லுகிற சத்தம் கேட்டது, என்னவென்று விளங்கவில்லை. மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு, போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அந்த முகட்டையே பார்த்தபடி நின்றேன். வாறன் என்று சொல்லிவிட்டுத்தானே போனாள்.