துரத்திவிடப் பொத்தான் இல்லை

வெல்டருக்கு, தான் விளையாடும் ஜப்பான் வீடியோ கேமில் ஒரே குறை. கூடவே இருந்து, நல்ல வாளைத் தூக்கிக்கொண்டு ஓடிய துரோகி கடைசிச் சண்டைக்கு முன் திரும்பி வருவான். அவனைச் சேர்த்துக்கொள்ள மட்டும்தான் பொத்தான் இருக்கும்.

"துரத்திவிட ஒரு பொத்தான் வச்சா இந்த கேம் பண்ணவனுங்க குறைஞ்சா போயிடுவானுங்க?" என்று மனைவியிடம் பொருமுவார்.

"பொம்மை மேலயா இவ்ளோ வயித்தெரிச்சல்?" என்பாள்.

பட்டறை மெஷின்களை அள்ளிக்கொண்டு போய் எதிரிலேயே கடை போட்ட பழைய கூட்டாளி, நொடித்துப்போய், நேற்று அவற்றை வண்டியில் ஏற்றி வந்தான். "அண்ணே, பழசை மறந்துடுங்க. மறுபடி சேர்ந்துக்கலாம்."

"முதல்ல இறக்கு."

வியர்க்க விறுவிறுக்க எல்லாவற்றையும் இறக்கி வைத்தான்.

"சரி, கிளம்பு" என்று வெல்டர் ஷட்டரை இழுத்துவிட்டார். அன்று அவருக்குச் சாப்பாடு இரண்டு மடங்கு இறங்கியது.