கண்ணாடிப் பெட்டித் துவக்கு

எங்கள் வீட்டில் பெட்டி உடைத்து எடுத்த சாமான் என்று ஒன்றுமே இருந்ததில்லை. தொலைக்காட்சி, கடையில் காலை முதல் மாலைவரை ஓடிக் களைத்த பிறகுதான் எங்களிடம் வந்தது. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் விலைச்சீட்டு ஒட்டியிருந்த இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது. என்னுடைய புத்தகப் பைகூட ஒரு கடைப் பொம்மையின் முதுகிலிருந்து கழற்றித் தந்ததுதான். இத்தாலியில் நாங்கள் இருந்த பலெர்மோவில் எந்தக் கடைக்காரன் எப்போது பார்வைக்கு வைத்ததை விலை குறைத்துத் தள்ளுவான் என்பது அம்மாவுக்கு அத்துப்படி. பத்துப் பேர் தொட்டுப் பார்த்தும் பழுதாகாததுதான் நல்ல சாமான் என்பது அவருடைய கொள்கை.

அந்த அம்மாதான், சித்தப்பா வாங்க ஆசைப்பட்ட வேட்டைத் துவக்கை, பார்வைக்கு வைத்தது என்ற ஒரே காரணத்தைச் சொல்லி வேண்டாம் என்றார். ஒன்பது வயதில் எனக்கு அது விளங்கவேயில்லை.

சித்தப்பா அப்பாவின் தம்பி. ஒரேத்தோப் பகுதியில் இருந்த எங்கள் வீட்டு விறாந்தையில்தான் படுத்து எழும்புவார். நகரத்துக்கு வெளியே, சிஞ்ஞோரா என்று நாங்கள் கூப்பிடும் ஒரு இத்தாலியப் பெண்மணியின் எலுமிச்சைத் தோட்டத்தில் வேலை. மலையிலிருந்து காட்டுப்பன்றிகள் இறங்கி வந்து மரங்களின் வேரைக் கிளறிப் போட ஆரம்பித்திருந்தன. வேட்டை அனுமதி எடுத்து ஒரு துவக்கும் வாங்கினால் தோட்டத்துக்கு உன்னையே காவல்காரனாக வைத்திருப்பேன், இல்லாவிட்டால் துவக்கு உள்ள ஒருவனைத்தான் பிடிக்கவேண்டும் என்று சிஞ்ஞோரா சொல்லிவிட்டார். உணவகக் குசினிகளில் பொறுக்கிய இத்தாலிய மொழியை வைத்துக்கொண்டு சித்தப்பா படித்தார், சோதனை எழுதினார், குவெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோரின் படிகளில் ஏறி இறங்கினார். கடைசியில் அனுமதி கிடைத்தும் விட்டது. வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் தேநீரோடு அதையும் நீட்டுவார். இனித் துவக்கு ஒன்றுதான் பாக்கி. ரயில் நிலையத்துக்குக் கிட்ட ஒரு கடையில், கண்ணாடிப் பெட்டிக்குள், பார்வைக்கு வைத்ததாகையால் மலிவாக ஒன்று இருந்தது.

சிக்கல் என்னவென்றால், துவக்கைச் சித்தப்பாவின் பதிந்த விலாசத்தில்தான் பூட்டி வைக்கவேண்டும். அந்த விலாசம் எங்கள் வீடு. எங்கள் வீட்டில் பூட்டு உள்ளது ஒரே ஒரு அலுமாரி, நானும் அம்மாவும் படுக்கிற அறையில். அதற்குள் அம்மாவின் கூறைச்சேலையும் எல்லாருடைய வதிவிட அனுமதிகளான பெர்மெஸ்ஸோக்களும் இருந்தன. கதவின் உட்பக்கத்தில், வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பள்ளிக்கூடப் பையனின் படம் ஒட்டியிருந்தது. அம்மாவின் தம்பி, ஊரில் சண்டைக் காலத்தில் செத்துப்போனவர் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது.

“வீட்டிலை இருக்கிறவ அவதான். அவ பாத்துச் சொல்லட்டும்” என்று அப்பா தீர்ப்பை அம்மாவின் தலையில் கட்டிவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

அந்தக் கிழமை எங்கள் வீட்டில் ஒருவரும் ஓரிடத்தில் இருக்கவில்லை. அம்மா வெங்காயத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்து அலுமாரியைத் திறப்பார். எல்லாவற்றையும் வெளியே எடுத்துக் கட்டிலில் பரப்பி, மடித்ததையே மடித்துத் திரும்ப அடுக்குவார். பூட்டிவிட்டுப் போனவர் கறி அடிப்பிடிக்க மறுபடி வந்து நிற்பார். சித்தப்பா பல்கனியில் கூண்டுக்கிளி மாதிரி இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் நடந்துகொண்டிருப்பார். தொலைபேசி அடித்தால் சிஞ்ஞோராதான் என்று திடுக்கிடுவார். நான் இரண்டு பேருக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருந்தேன். எனக்கும் அவசரம் இருந்தது. எங்கள் வீட்டுக்குத் துவக்கு வருகிறது என்று வகுப்பில் ஏற்கனவே சொல்லி முடித்து, இரண்டு பேருக்குப் பன்றி இறைச்சியும் வாக்குக் கொடுத்திருந்தேன்.

“கண்டவன் நிண்டவன் எல்லாம் தூக்கிப் பாத்த சாமான், தம்பி. எனக்கெண்டால் மனம் ஒப்பேல்லை” என்றார் அம்மா. துவக்கு என்ற சொல்லை அவர் வாயில் நான் கேட்டதேயில்லை. சாமான்தான்.

“அப்ப நீங்கள் வாங்கின டிவி, அண்ணி?”

“டிவி வேறை.”

நேரில் ஒருமுறை பார்த்தால் மனம் மாறும் என்று சித்தப்பா நம்பினார். சனிக்கிழமை பல்லரோச் சந்தையில் மரக்கறி வாங்கிக்கொண்டு அப்படியே மூன்று பேரும் அந்தக் கடைக்குப் போனோம். மொழிபெயர்ப்பு என் வேலை. அம்மாவின் இத்தாலிய மொழி தரை, யன்னல், இஸ்திரிக்கு அப்பால் போகாது.

கடைக்காரர் பருத்த, நல்ல மனிதர். எனக்கு ஒரு இனிப்புத் தந்தார். சுவரில் ஒரு பன்றித்தலை எங்களை முறைத்துக்கொண்டிருந்தது.

“ஆரும் பாவிச்சதோ எண்டு கேள், பிள்ளை.”

கேட்டேன். ஒரு வெடிகூட வெடிக்கவில்லை, வந்த நாளிலிருந்து கண்ணாடிக்குள்தான் இருக்கிறது என்றார் அவர். பெட்டியைத் திறந்து துவக்கை எடுத்து, மடக்கி, உள்ளே ஒன்றும் இல்லை என்று அம்மாவுக்குக் காட்டிவிட்டுச் சித்தப்பாவிடம் கொடுத்தார். சித்தப்பாவின் முகம் கலியாண மாப்பிள்ளையின் முகம்போல ஆகிவிட்டது. அதைத் தோளில் வைத்து, ஒரு கண்ணை மூடி, பன்றித்தலையைக் குறி பார்த்தார். அதே நேரத்தில் அம்மா எனக்கு முன்னால் வந்து நின்றார். என் முகம் அவருடைய மேலங்கிக்குள் புதைந்தது. கொத்தமல்லித் தழை மணத்தது. விலகப் பார்த்தேன், அவர் கை விடவில்லை.

கடைக்காரர் எதையோ விளங்கிக்கொண்டவராக என்னிடம் சொன்னார், “உன் அம்மாவுக்குப் பார்வைக்கு வைத்தது பிடிக்கவில்லை போல. உள்ளே பெட்டியில் புதிது ஒன்று இருக்கிறது. அதே விலைக்குத் தருகிறேன்.”

எல்லாம் தீர்ந்தது என்று துள்ளிக்கொண்டு அதை அப்படியே தமிழில் சொன்னேன்.

“பெட்டிக்குள்ளை இருக்கிறது என்ன மாதிரியோ, ஆர் கண்டது” என்றார் அம்மா. “கண்ணாலை பாக்காத சாமான் வேண்டாம்.”

இது என்ன நியாயம் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. சித்தப்பா அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அம்மா அப்போதும் துவக்குக்கும் எனக்கும் நடுவில்தான் நின்றார். சித்தப்பா துவக்கை இரண்டு கையாலும் மேசையில் வைத்தார்.

“சரி அண்ணி. வேண்டாம். வாங்கோ போவம்.”

தோட்டத்துக்குத் துவக்கு உள்ள ஒருவன் வந்தான். சித்தப்பா மொண்டெல்லோக் கடற்கரையில் ஒரு உணவகத்துக்குக் கோப்பை கழுவப் போனார். ஒரு நாளும் அதைப்பற்றிக் குறை சொன்னதில்லை. அன்றிலிருந்து மீன் குழம்பில் தலைப்பாகம் கேட்காமலே அவருடைய கோப்பைக்குப் போனது. அடுத்த மாதம் அம்மா கடைக் கண்ணாடிக்குள் இருந்த இஸ்திரிப்பெட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு சந்தோஷமாக வந்தார். இதுவும் பார்வைக்கு வைத்ததுதானே என்று நான் சண்டைக்குப் போனேன். “இது நல்ல சாமான், பிள்ளை” என்றார்.

அன்று துவக்குக் கடையிலிருந்து திரும்பும்போது அவர்கள் இருவரும் எனக்கு முன்னால் நடந்தார்கள். பாதி வழியில் சித்தப்பா மெல்லக் கேட்டார்.

“அவனுக்கு அப்ப என்ன வயசு, அண்ணி?”

“பதினேழு.”

“பள்ளிக்கூடத்தாலை வரேக்கையோ?”

“ஓம். நானும் பக்கத்திலைதான் வந்தனான்.”

யாரைப்பற்றிக் கதைக்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்கிற மனநிலையில் இல்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வேண்டுமென்றே பின்தங்கி நடந்துகொண்டிருந்தேன். துவக்கு போனதுகூடப் பெரிதில்லை. சித்தப்பா அதைத் தூக்கிக் குறி பார்த்த அந்த ஒரு நிமிடத்தையாவது திங்கட்கிழமை வகுப்பில் சொல்லலாம் என்று இருந்தேன். அதையும் பார்க்க விடாமல் அம்மா குறுக்கே வந்து நின்றுவிட்டாரே என்பதுதான் என்னுடைய கோபம்.