அட்டைப் படத்தின் ஓரத்தில் தெரியும் விரல்கள்

அம்மா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிற இன்று, எங்கள் வீட்டுப் படையலுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் அனைவருக்கும் வணக்கம். அட்டையைப் பார்த்ததும் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கப் போகிறீர்கள். எனவே அதை முதலில் சொல்லிவிடுகிறேன். படத்தில் அம்மாவின் கையை ஒட்டி, மோதிரம் போட்ட இரண்டு விரல்கள் தெரிகின்றன. அவை எங்கள் வீட்டார் விரல்கள் அல்ல. ஊரிலுள்ள சேவைச் சங்கத்தின் தலைவருடையவை. அவரை முழுக்க வெட்டி எடுத்துவிடும்படி அச்சகத்தில் கேட்டேன். விரலை வெட்டினால் அம்மாவின் கையும் போய்விடும் என்றார்கள். அம்மா சிரித்தபடி நிற்கும் படம் வேறு எங்களிடம் இல்லை. ஆகவே விரல்கள் இருக்கின்றன.

அம்மா கிளியனூருக்கு உட்புறமாக உள்ள ஒரு சிற்றூரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். கரும்பும் சவுக்கும் சூழ வளர்ந்தவர், மரக்காணத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தார். வந்த மறுவாரமே தாத்தாவிடம் சண்டை போட்டிருக்கிறார். "ஒதுங்க ஒரு மரம் இல்லாத ஊர்ல கட்டிக் குடுத்துட்டியே" என்று கேட்டாராம். தாத்தா விளையாட்டுப் பேச்சு என்று நினைத்துச் சிரித்தாராம். அது விளையாட்டு அல்ல. அம்மாவின் வாழ்க்கையில் கடைசி வரை தீராத குறை அது ஒன்றுதான்.

அப்பா சீக்கிரமே இறந்துவிட்டார். என்னையும் தம்பியையும் உப்பளத்தில் கூலி வேலை செய்துதான் அம்மா வளர்த்தார். விடியும் முன்பே போய்ப் பாத்தியில் உப்பு வாரி, கூடையில் சுமந்து அம்பாரத்தில் கொட்ட வேண்டும். கண்ணுக்கெட்டிய வரை சமதரை. ஒரு பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலை, அதில் ஓயாமல் பஸ். ஆண்களுக்குக் கவலையில்லை, திரும்பி நின்றால் போதும். பெண்கள் இருட்டில் போய்விட்டு வந்தால், அதன் பிறகு வீடு திரும்பும் வரை அடக்கிக்கொள்ள வேண்டியதுதான். அதனால் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். உச்சி வெயிலில், உப்புக்கு நடுவில், வாயை மட்டும் நனைத்துத் துப்பிவிடுவார் அம்மா. வருடக்கணக்கில் அப்படித்தான் இருந்தார்.

அம்மாவைப் பொறுமைசாலி என்று எழுதும்படி உறவினர்கள் சொன்னார்கள். பொய் எழுத எனக்கு மனம் வரவில்லை. அம்மாவுக்கு மூக்கின் மேல் கோபம். கூலியில் கைவைத்த கங்காணியின் தலைப்பாகையைப் பிடுங்கி உப்புத் தண்ணீரில் போட்டவர். அடுத்த வேளை அடுப்புக்கு வழியில்லாதபோதும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சோறு போட்டவரும் அவரே. இரண்டும் ஒரே அம்மாதான்.

அப்படிப்பட்டவர் ஏமாந்தது இந்தச் சங்கத்தாரிடம்தான். அவர்கள் வருடா வருடம் உப்பளத்துக்கு வருவார்கள். தொப்பி கொடுப்பார்கள், குடை கொடுப்பார்கள், படம் எடுத்துக்கொண்டு போவார்கள். கொடுப்பவர் முகம் தெரிய வேண்டும் என்பதற்காக, வாங்குகிற பெண்களையும் சூரியனைப் பார்த்து நிற்க வைப்பார்கள். ஒரு வருடம் சங்கத்தின் மேலிடத்திலிருந்து பெரிய மனிதர் ஒருவர் பார்வையிட வருவதாக இருந்தது. புதிய உறுப்பினர்களைக் காட்டினால் விருது கிடைக்குமாம். உப்பளத்துப் பெண் ஒருத்தி உறுப்பினர் என்றால் இன்னும் எடுப்பாக இருக்குமே. அம்மாவைக் கூப்பிட்டுப் புடவையில் பேட்ஜ் குத்திவிட்டார்கள்.

அம்மா அதை நிஜம் என்று நம்பினார். உறுப்பினர் என்றால் கேட்கலாம் என்று நினைத்தார். மாதக் கூட்டத்தன்று வேலை முடிந்து வந்து, குளித்து, பேட்ஜ் குத்திய புடவையை உடுத்திக்கொண்டு, ஓட்டல் மாடியில் இருக்கும் அவர்களுடைய அறைக்குப் போவார். பெரிய மனிதர் வந்த அன்று முன்வரிசையில் நாற்காலி போட்டார்கள். அடுத்த மாதம் கதவோரம் இடம் கொடுத்தார்கள். அதற்கடுத்த மாதம், சும்மாதானே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று டீ கொடுக்கும் வேலையைக் கொடுத்தார்கள். அம்மா டீயையும் கொடுத்துவிட்டு, எல்லார் முன்னாலும் கேட்டார். "தொப்பி குடை எல்லாம் வேணாங்க. பொம்பளைங்களுக்கு ஒரு கக்கூஸ் கட்டிக் குடுங்க." அவர் விடவில்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்டார்.

கடைசியில் சம்மதித்தார்கள். மழைக்காலத்தில் உப்பளம் முழுகிவிடும், வேலை இருக்காது. அம்மாவும் மற்றப் பெண்களும் நடவு வேலைக்குக் கிளியனூர்ப் பக்கம் போய்விட்டார்கள். அந்த இடைவெளியில், சாலையோர மேட்டில் கட்டிடம் எழும்பியது. தை பிறந்ததும் திறப்பு விழா. உப்பளத்தில் நாற்காலி போட்டால் சேறு ஒட்டும் என்று, விழாவைக் கல்யாண மண்டபத்தில் வைத்தார்கள். மேடையில் தலைவர் சாவியை நீட்ட, அம்மா வாங்கினார். அட்டையில் இருப்பது அந்தப் படம்தான். அம்மா இன்னும் கட்டிடத்தைப் பார்க்காத நேரம் அது.

மறுநாள் போய்ப் பார்த்தால், கதவு சாலையைப் பார்த்து இருந்தது. கதவுக்கு மேலே சங்கத்தின் சின்னமும் நிர்வாகிகளின் பெயர்களும், பஸ்ஸில் போகிறவர் படிக்கும் அளவுக்குப் பெரிதாக இருந்தன. எதிரே லாரி நிறுத்துமிடம். ஆண்கள் உட்கார்ந்து பீடி பிடிக்கிற இடம். அத்தனை ஆண்கள் பார்த்திருக்க, ஒரு பெண்ணாலும் அந்தக் கதவைத் திறந்து உள்ளே போக முடியவில்லை. அம்மா தலைவரிடம் போனார். கதவை உப்பளத்துப் பக்கம் மாற்றி வைக்கும்படி கேட்டார். அவர் சொன்ன பதிலை அம்மா வீட்டுக்கு வந்து அப்படியே சொன்னார். "போர்டு ரோட்ட பாத்து இருந்தாதாம்மா நாலு பேருக்குத் தெரியும்."

அன்றிலிருந்து அம்மா கூட்டத்துக்குப் போகவில்லை. அவர்களும் ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. பெண்கள் பழையபடி இருட்டில் போய் வந்தார்கள், பழையபடி தாகத்தோடு வேலை செய்தார்கள். கட்டிடத்தின் படம் மட்டும் சங்கத்தின் காலண்டரில் வந்தது.

அம்மாவின் சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று புதுச்சேரி ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். தண்ணீர் குடிக்காமல் இருந்ததும் ஒரு காரணம் என்றார் மருத்துவர். கடைசி நாட்களில் தலைவர் பழக்கூடையோடு பார்க்க வந்தார், கூடவே போட்டோ எடுப்பவரும் வந்தார். "கதவ திருப்பியாச்சா சார்?" என்று மட்டும் கேட்டார் அம்மா. உடம்பைப் பார்த்துக்கொள்ளும்படி சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதை நான் மறக்க மாட்டேன்.

கருமாதி அன்று சங்கத்தார் மொத்தமாக வந்தார்கள். மறைந்த உறுப்பினரின் பெயரை அந்தக் கட்டிடத்துக்குச் சூட்டப் போவதாகத் தலைவர் அறிவித்தார். "பேரு வேணாம் சார். கதவ திருப்பிக் குடுங்க" என்றேன். அது சங்கத்தின் சொத்து, கமிட்டியில் பேச வேண்டும் என்றார். கமிட்டி இந்த ஓராண்டாகப் பேசிக்கொண்டிருக்கிறது போலும்.

எங்கள் மாமா கொத்தனார். கருமாதி முடிந்த அந்த வாரமே சுத்தியலோடு போனார். அம்மாவோடு உப்பு வாரிய பெண்கள் மணலும் தண்ணீரும் சுமந்தார்கள். உப்பளத்தைப் பார்த்த பின்சுவரை இடித்து வாசல் வைத்தார்கள். எங்கள் வீட்டுத் தோட்டத்துக் கதவைக் கழற்றிக்கொண்டு போய் அங்கே மாட்டினார்கள். கதவில்லாமல் எங்கள் தோட்டம் சில நாள் திறந்து கிடந்தது, கிடக்கட்டும்.

அம்மாவுக்கு உதவியவர்களுக்கு நன்றி சொல்லி முடிப்பது முறை. சுவரை இடித்த மாமாவுக்கும், ஆஸ்பத்திரியில் முறை வைத்து அம்மாவோடு படுத்திருந்த உப்பளத்துப் பெண்களுக்கும், இன்றைக்கும் அந்தக் கட்டிடத்தில் தினமும் குடத்தில் தண்ணீர் நிரப்பி வைப்பவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. சேவைச் சங்கத்தாருக்கும் ஒரு செய்தி உண்டு. போர்டு உள்ள முன்கதவை நாங்கள் தொடவில்லை. பூட்டித்தான் இருக்கிறது. நீங்கள் அம்மாவிடம் கொடுத்த சாவி இந்தப் படையலில் அம்மா படத்தின் முன்னால் இருக்கிறது. எடுத்துக்கொண்டு போய்த் திறந்து படம் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று கேட்டுவிட்டுத் திறங்கள், ஏனென்றால் இப்போது இருப்பார்கள்.