உருளைக்கிழங்கு அறிக்கைகளுக்கு நான் காவல்

பழைய காகிதத்துக்குக் காவல் இருப்பதும் ஒரு உத்தியோகம்தான். திருட யாருமே வரமாட்டார்கள் என்பதுதான் அதிலுள்ள வருத்தம். நூலக மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து கொட்டாவியை அடக்கிப் பழகியவர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் நாங்கள் நியூ ஜெர்சியில், பிஸ்கட்டவேயில் குடியிருந்தோம். பக்கத்தில் இருந்த ஒரு விவசாயக் கல்லூரியின் பழைய வெளியீடுகள் அறையில் எனக்கு வேலை கிடைத்தது. அந்தக் காலத்துப் பேராசிரியர்கள் உருளைக்கிழங்கு, பீச் மரம், கோழி, கொசு என்று எதை ஆராய்ந்தாலும் அதைச் சின்னப் புத்தகமாக அச்சடித்து விவசாயிகளுக்கு இலவசமாக அனுப்பிவிடுவார்கள். அவற்றை அடுக்கி வைத்து, கேட்பவர்களுக்கு எடுத்துக் கொடுப்பது என் வேலை. கிரீன் கார்டு வரும்வரை கணவரின் விசாவில், வேலைக்குப் போக அனுமதியில்லாமல், வருஷக்கணக்கில் வீட்டில் உட்கார்ந்திருந்தவளுக்கு, கோவையில் வாங்கிய அக்ரி பட்டத்துக்கு அமெரிக்காவில் கிடைத்த முதல் மரியாதை அது.

சேர்ந்த சூட்டோடு என் மேலதிகாரி ஹெலன் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். எல்லாவற்றையும் மைக்ரோஃபிலிம் சுருளில் படம் பிடித்தாகிவிட்டது, படிக்கவும் ஆள் வருவதில்லை, அறையைக் கம்ப்யூட்டர் லேப் ஆக்கிவிட்டுக் காகிதத்தைக் கழித்துக்கட்டலாமா என்று ஒரு கமிட்டி யோசிக்கிறதாம். காகிதம் போனால் காவல்காரியும் போக வேண்டியதுதானே?

கார்னர் பிளாட்

இந்த வகைக் கல்லூரிகளின் பூர்வ கதையை தமிழ்க் குடும்பங்கள் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து கூடும் ஒரு பொங்கல் பாட்லக்கில் சொல்லப்போய் மாட்டிக்கொண்டேன். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோதே மத்திய அரசு மாநிலங்களுக்கு நிலம் ஒதுக்கியது. அதை விற்ற பணத்தில் விவசாயமும் இயந்திரத் தொழிலும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. நியூ ஜெர்சிக்குள் கொடுக்க அரசு நிலம் இல்லை. அதனால் எங்கோ மேற்கே கிடந்த நிலத்துக்குச் சீட்டு கொடுத்தார்கள். அங்கே காலகாலமாக வாழ்ந்த பூர்வகுடிகளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதையும் அழுத்திச் சொன்னேன்.

ஈரோட்டுச் செல்வம் சாப்ட்வேர்காரர். ஊரில் மனை வாங்கிப் போடுவதில் புலி. தட்டைக் கீழே வைத்துவிட்டு மிகுந்த அக்கறையோடு கேட்டார்: "ஏனுங்க, அந்த லேண்ட்ல இன்னும் ஏதாச்சும் மிச்சம் இருக்குங்களா? கார்னர் பிளாட்டா இருந்தா ஒரு வார்த்தை சொல்லுங்க."

நூறு வருஷ ஆராய்ச்சி

விவசாயக் கல்லூரியில் நம்மவள் ஒருத்தி இருக்கிறாள் என்ற சேதி, நம்மவர்கள் நிறைந்த பக்கத்து ஊரான எடிசன் வரைக்கும் பரவிவிட்டது. ஒரு ஆன்ட்டி போன் செய்தார். பனியே விழாத சான் ஹோசேயில் இருக்கும் தங்கை வீட்டில் கறிவேப்பிலை மரமாகவே வளர்ந்து நிற்கிறதாம். இவருடையது மட்டும் ஒவ்வொரு குளிர்காலத்திலும் மொட்டையாகிவிடுகிறதாம். பிரச்சினை செடியைவிடத் தங்கைதான் என்று எனக்குப் புரிந்தது. தொட்டியை வீட்டுக்குள் வெயில் விழும் ஜன்னலோரம் வையுங்கள், தண்ணீரைக் குறையுங்கள் என்று நான் படித்ததிலிருந்து சொன்னேன். அதெல்லாம் அவருக்குப் போதவில்லை. கல்லூரி எழுதியதாகவே வேண்டுமாம். அலமாரியைத் தலைகீழாகப் புரட்டினேன். கிரான்பெரி இருந்தது, சிப்பி வளர்ப்புகூட இருந்தது. கறிவேப்பிலை இல்லை என்று சொன்னேன்.

"நூறு வருஷமா உக்காந்து ரிசர்ச் பண்ணியிருக்காங்க, தாளிக்கறதுக்கு ஒரு இலையைப் பத்தி எழுதத் தோணலையாம்மா ஒருத்தருக்கும்?"

புகார்

ஒரு நாள் தொப்பி அணிந்த வயசான விவசாயி ஒருவர் வந்தார். அப்பாடா, ஒரு வாசகர் என்று எழுந்து நின்று வரவேற்றேன். அவர் தாத்தா காலத்துப் பீச் மர வெளியீடு ஒன்றைக் கேட்டு வாங்கினார். ஒரு பக்கத்தில் விரலை வைத்து, இதில் சொன்ன மருந்தை அடித்துத்தான் எங்கள் தோப்பே போயிற்று, இதை எழுதியவரைப் பார்க்க வேண்டும் என்றார். எழுதியவர் செத்து எத்தனையோ காலமாகிறது என்றேன். இப்போது யார் பொறுப்பு என்றார். ஹெலன் விடுமுறையில் இருந்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, நான்தான் என்றேன்.

தொப்பியைக் கழற்றிவிட்டு அவர் நிதானமாகச் சொன்னார்: "சரிம்மா, உன்கிட்டயே சொல்லிடறேன். இது தப்பு. எங்க வீட்டுல மூணு தலைமுறையா இதைச் சொல்லணும்னு இருந்தோம்."

இன்றைக்குத் திறக்கக் கூடாது

சரஸ்வதி பூஜை வந்தது. ஹெலனிடம் அனுமதி கேட்டேன். பொட்டு, விளக்கு எதுவும் கூடாது, பூ வேண்டுமானால் பக்கத்தில் வைத்துக்கொள் என்றார். கல்லூரியின் முதல் அறிக்கையையும் இன்னும் சில பழைய வெளியீடுகளையும் மேஜையில் அடுக்கினேன். பக்கத்தில் ஒரு சாமந்தியை வைத்து மனசுக்குள் கும்பிட்டேன். அறையைக் காப்பாற்றம்மா என்பதுதான் வேண்டுதல். கும்பிட்டு நிமிர்கிறேன், வாசலில் கமிட்டித் தலைவர். மண்ணியல் பேராசிரியர், ஆஜானுபாகு. மறுநாள் முடிவெடுக்கும் கூட்டமாம். அதற்குமுன் ஒருதடவை பார்த்துவிட்டுப் போக வந்திருக்கிறார். நேரே வந்து முதல் அறிக்கையின் அட்டையில் கை வைத்தார்.

"இன்னைக்குத் திறக்கக் கூடாது சார்" என்று என் வாய் முந்திக்கொண்டது.

படிக்க ஆள் வருகிறதா என்று பார்க்க வந்தவரிடம் படிக்காதே என்று சொல்லிவிட்டேன். வேறு வழியில்லாமல் விளக்கினேன். வருஷத்தில் ஒரு நாள் நாங்கள் புத்தகத்தையும் கருவிகளையும் வேலை வாங்க மாட்டோம், அவற்றுக்கு நன்றி சொல்லி ஓய்வு கொடுப்போம், மறுநாள் காலையில் முதல் வேலையாக எடுத்துப் படிப்போம் என்றேன். அவர் கையை எடுத்துக்கொண்டார். டிராக்டருக்கும் ஓய்வு உண்டா என்று கேட்டார். அதற்கும் உண்டு என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். வேலை போயிற்று என்று வீட்டுக்குப் போய் அழுதேன்.

மறுநாள் காலை ஹெலன் கதவைத் திறக்கும்போதே அவர் அங்கே நின்றுகொண்டிருந்தார். முதல் அறிக்கையில் ஆரம்பித்து அடுத்தது, அதற்கடுத்தது என்று போனார். பன்றிக்குத் தீவனத்தை வேகவைத்துப் போடுவதா, பச்சையாகப் போடுவதா என்று அந்தக் காலத்துப் பேராசிரியர்கள் இரண்டு பேர் வெளியீட்டுக்கு வெளியீடு மரியாதையாகக் குத்திக்கொண்டிருந்த இடத்தில் ஆழ்ந்துவிட்டார். ஹெலன் மெல்லப் போய்க் கூட்டத்துக்கு நேரமாகிவிட்டதை நினைவூட்டினார்.

அவர் தலையை நிமிர்த்தவே இல்லை. "தலைவர் நான்தானே, தள்ளிவெச்சுட்டதா சொல்லிடுங்க. இந்தப் பன்றிச் சண்டையில யார் ஜெயிச்சாங்கன்னு தெரியாம நான் எப்படி எழுந்து வரது?"

தள்ளிவைத்த கூட்டம் அடுத்த பருவத்துக்குப் போயிற்று, அதற்குள் கம்ப்யூட்டர்களுக்கு வேறு கட்டடம் கிடைத்துவிட்டது; ஆனால் படிக்க வந்தவரைப் படிக்க விடாமல் தடுத்து ஒரு படிப்பறையைக் காப்பாற்றினேன் என்று ரெஸ்யூமேயில் எழுதினால் எந்தக் கம்பெனி என்னைக் கூப்பிடும், நீங்களே சொல்லுங்கள்.