அறுபது அடியில் தண்ணீர்

வங்கி வீட்டுக் கடனுக்காக வீட்டைப் பார்த்து ரிப்போர்ட் கொடுக்கும் இன்ஜினியர் நான். அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் இதையே செய்து அலுத்துவிட்டேன். இங்கே வீடு வாங்குகிறவர்கள் முதலில் கேட்பது போர்வெல்லில் தண்ணீர் உண்டா என்றுதான். வெள்ளம் வருமா என்று யாராவது கேட்டிருந்தால் நானே சிரித்திருப்பேன்.

பாளையம்பட்டி தாண்டி ஒரு புது வீடு. வாங்க வந்தவர் முத்துலட்சுமி, மில் தொழிலாளி. சித்திரை வெயிலில் புரோக்கர் மோட்டாரைப் போட்டுக் காட்டினார்.

"அறுபது அடியிலயே தண்ணி சார். மத்த எடத்துல அறுநூறு அடி போட்டும் புழுதிதான் பறந்துச்சு."

முத்துலட்சுமி கையில் ஏந்திக் குடித்தார். "உப்பே இல்ல சார். சின்னப்புள்ளையில குடத்தத் தூக்கிக்கிட்டு எம்புட்டுத் தூரம் நடந்திருக்கேன் தெரியுமா? எனக்கு இந்த வீடுதான் வேணும்."

அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கும் சந்தோஷமாகிவிட்டது. சுற்றிலும் இல்லாத தண்ணீர் இங்கே மட்டும் ஏன் இவ்வளவு மேலே கிடக்கிறது என்று யோசிக்கவில்லை. கிராம வரைபடத்தைப் பார்த்திருந்தால் வீட்டை ஒட்டி ஓடை இருப்பது தெரிந்திருக்கும். அதுகூட வேண்டாம், எதிரே ரோட்டில் ஒரு சிறு பாலம் இருந்தது. ஓடை இல்லாத இடத்தில் எந்த மடையன் பாலம் கட்டுவான்? அதன் மேல் நின்றுதான் வீட்டைப் போட்டோ எடுத்தேன். 'நல்ல நீர் ஆதாரம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மறு வருடம் ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை. மேலே கண்மாய் நிறைந்து, உபரித் தண்ணீர் ஓடை வழியாக வந்து வீட்டுக்குள் புகுந்தது. போய்ப் பார்த்தேன். ஜன்னல் வரை சேறு. முத்துலட்சுமி அதை வாரிக்கொண்டிருந்தார்.

"நீங்க பாத்து நல்லாயிருக்குன்னு எழுதினீகன்னுதானே சார் வாங்குனோம்?"

"என் தப்புதாம்மா."

"தப்புன்னு சொல்லிட்டீக. அடுத்த மழைக்கு நாங்க எங்கிட்டுப் போக?"

அன்று முதல் வரைபடம் பார்க்காமல், பக்கத்தில் ஆடு மேய்ப்பவரிடம் மழைத்தண்ணீர் எந்த வழியாகப் போகும் என்று விசாரிக்காமல், ரிப்போர்ட் எழுதுவதில்லை. புதிதாக வருபவர்களுக்கும் இதையே சொல்கிறேன்.

போன வருடம் முத்துலட்சுமி அந்த வீட்டை விற்கப் பார்த்தார், வாங்க ஒரு ஆளும் கிடைத்தது. வாங்குபவரின் வங்கி என்னைத்தான் அனுப்பியது. சேற்றுக் கறை தெரியாமல் வெள்ளையடித்திருந்தார்கள். முத்துலட்சுமி காபி கொடுத்துவிட்டு என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

'ஓடைக்கரை, வெள்ளம் புகும்' என்று எழுதினேன். வாங்க வந்தவர் ஒதுங்கிக்கொண்டார்.

முத்துலட்சுமி இன்னும் அங்கேதான் இருக்கிறார். ஐப்பசி பிறந்தால் அரிசி மூட்டையையும் பிள்ளைகளின் சர்டிபிகேட்டையும் பரண்மேல் ஏற்றிவிடுகிறார்.