செவ்வந்திக்கு விசா

லண்டனில் யாராவது என் நாடு எது என்று கேட்டால், ஹொலண்ட் என்று சொல்லிப் பழகிவிட்டேன். கேட்டவர்கள் என் நிறத்தைப் பார்த்துவிட்டு, காதில் சரியாக விழாதது போல மறுபடியும் கேட்பார்கள். கிழக்கு லண்டன் செவன் கிங்ஸில் எங்கள் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பெண்மணி ஜீன், முதல் நாளே ஆச்சரியப்பட்டார். "ஹொலண்ட் பார்க்கா? பெரிய பணக்காரர்கள் இருக்கிற இடமாயிற்றே! அதை விட்டுவிட்டு ஏன் இங்கே வந்தீர்கள்?" மேற்கு லண்டனில் அப்படி ஒரு பகுதி இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். நாட்டைச் சொல்கிறேன் என்று விளங்கவைத்ததும் தலையாட்டினார். "சரி, ஆனால் உண்மையில் எங்கே?"

ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கும் அதே குழப்பம் வரலாம். சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணத்தை விட்டு ஓடியபோது, அக்காவும் அத்தானும் லண்டனுக்கு வந்தார்கள். நானும் என் கணவரும் தம்பி குமரனும் ஹொலண்டில் போய் இறங்கினோம். பல வருடம் அகதி அட்டையோடு காத்திருந்த பிறகு அந்த நாடு எங்களுக்குப் பாஸ்போட் தந்தது. அன்று குமரன் ஐரோப்பிய வரைபடம் ஒன்றை வாங்கிவந்து சுவரில் ஒட்டினான். அதில் எந்த நாட்டுக்கும் இனி யாரிடமும் கேட்காமல் போகலாம் என்பதை அவனால் நம்பவே முடியவில்லை.

அந்த உரிமையோடுதான் நாங்கள் லண்டனுக்கு வந்தோம். கூப்பிட்டவர் அத்தான். "பிள்ளையள் இங்கிலீஷில படிக்கட்டும். இங்க எங்கட சனம் இருக்கு. நீங்கள் வாறதெண்டா நாளைக்கே வரலாம், ஆரும் மறிக்க ஏலாது" என்று தொலைபேசியில் சொன்னார். ஒரு வான் வண்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு வந்து அவர் வீட்டு வாசலில் இறங்கினோம்.

அத்தான் இல்ஃபோர்ட் பக்கத்து மண்டபங்களில் கலியாண மணவறை போடுபவர். நான் அவரோடு கூட்டுச் சேர்ந்து பூ வேலையைப் பொறுப்பெடுத்தேன். ஹொலண்டிலேயே நின்று பூ ஏலச் சந்தையில் வேலைபார்த்த குமரன், எங்களுக்குத் தேவையான ரோசாவையும் செவ்வந்தியையும் வாங்கி லொறியில் ஏற்றிவிடுவான். லொறி ஒரு சோதனையும் இல்லாமல் இரவு கடலைக் கடந்து விடியற்காலையில் இல்ஃபோர்ட்டில் நிற்கும். பெட்டியைத் திறந்தால் இதழில் ஈரம் காயாமல் இருக்கும். எங்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் என்றால் அந்த ஈரம்தான். நட்டப்பட்டவர்களும் இருந்தார்கள், அதை மறைக்க மாட்டேன். அத்தான் முன்பு வேலைசெய்த சாமான் கிட்டங்கியில், போலந்தில் இருந்தும் ருமேனியாவில் இருந்தும் ஆட்கள் வந்தபிறகு சம்பளம் ஏறவே இல்லை. அந்தக் கசப்பை அவர் அடிக்கடி சொல்லுவார். நான் அதைப் பழங்கதையாகக் கேட்டுவிட்டு விடுவேன்.

பிரிட்டன் ஒன்றியத்தில் இருப்பதா விலகுவதா என்று வாக்கெடுப்பு வந்தபோது எனக்கு வாக்கு இல்லை. இலங்கைப் பாஸ்போட்டோடு இங்கே வாழ்ந்த எங்கள் ஆட்களுக்கு, பொதுநலவாய நாட்டவர், அதாவது கொமன்வெல்த் ஆட்கள் என்று வாக்கு இருந்தது. நான் ஆசையாக வாங்கிய ஹொலண்ட் பாஸ்போட் என்னை வெளியே நிறுத்தியது. முடிவு வந்த காலையில் ஜீன் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். தான் விலகத்தான் வாக்களித்ததாக ஒளிக்காமல் சொன்னார். "உன்னைத் துரத்த இல்லை, கண்ணே. அந்த ஐரோப்பியர்களைத்தான்." நான்தான் அந்த ஐரோப்பியர் என்றேன். பகிடி என்று நினைத்துச் சிரித்து, என் கையைத் தட்டிக்கொடுத்தார். அன்று பின்னேரம் அத்தான் எங்கள் வீட்டுக்கு வந்து நெடுநேரம் இருந்தார். "ஒண்டும் நடக்காது, பயப்பிடாதேங்கோ" என்று மட்டும் சொன்னார். எனக்கு அது எவ்வளவு ஆறுதலாக இருந்தது!

நடந்தது மெல்ல மெல்லத்தான். எங்களுக்குத் தொடர்ந்து வாழும் அனுமதி கிடைத்தது. பூவுக்குத்தான் கிடைக்கவில்லை. ஒவ்வொரு வகைப் பூவுக்கும் நோயில்லை என்று சான்றிதழ், சுங்கப் பத்திரம், அதை நிரப்ப ஒரு முகவர். "அக்கா, செவ்வந்திக்கும் விசா கேக்கிறாங்கள்" என்று குமரன் முதலில் பகிடிவிட்டான். கொஞ்ச நாளில் அவன் பகிடியும் நின்றுவிட்டது.

பிறகு ஒரு சனிக்கிழமைக் கலியாணம். பூ லொறியைத் துறைமுகத்தில் மறித்துவிட்டார்கள். எங்கள் பெட்டிகளில் பிழை இல்லை. அதே லொறியில் வந்த வேறொருவரின் பெட்டிக்குப் பத்திரம் சரியில்லையாம். அதற்காக முழு லொறியும் நின்றது. நானும் அத்தானும் சுப்பர்மார்க்கட்டுகளில் கிடைத்த பூங்கொத்துகளை எல்லாம் அள்ளிவந்து, போதாததற்குத் துணிப்பூவும் பிளாஸ்டிக் பூவும் வைத்துக் கட்டினோம். மணப்பெண்ணின் தாய் மணவறையைத் தொட்டுப் பார்த்தார். "பிளாஸ்டிக் பூவுக்கை என்ர பிள்ளையை இருத்திப்போட்டியள்" என்றார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மண்டபத்தின் பின்பக்கம் வெறும் வாளிகளுக்கு நடுவில் அத்தான் குந்தியிருந்தார். முகம் சிவந்திருந்தது.

"உவங்கள் எங்களை நல்லா ஏமாத்திப்போட்டாங்கள்."

"ஆர் அத்தான்?"

"வோட்டுக் கேட்டு வந்து என்ன சொன்னவங்கள்? யூரோப் பக்கத்துக் கதவை மூடினா, எங்கட நாடுகளின்ர பக்கத்துக் கதவைத் திறப்பம் எண்டவங்கள். ஊரில நிக்கிற என்ர தம்பிக்குத் திரும்பவும் விசா இல்லையாம்."

எனக்கு விளங்க ஒரு கணம் எடுத்தது. "அப்ப நீங்கள் விலகச் சொல்லியே வோட்டுப் போட்டனீங்கள்?"

அவர் நிமிரவில்லை. "ஓம்."

"நாங்கள் உங்கட வீட்டு வாசலில வந்து இறங்கின ஆக்கள், அத்தான்."

"அதுதான்!" என்று எழும்பினார். "நீங்கள் வானில ஏறி வந்து இறங்கினீங்கள். என்ர தம்பி எத்தினை தரம் எம்பசி வாசல்ல நிண்டவன்? உங்களுக்கு ஒரு நியாயம், அவனுக்கு ஒரு நியாயமே?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அதை என்னிடம் அன்றைக்கே கேட்டிருக்கலாம். பயப்பிடாதேங்கோ என்று சொன்ன வாயால் கேட்டிருக்கலாம். இத்தனை வருடமும் நான் ஜீனின் வேலியைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருக்கிறேன். அந்த மனுசி செய்ததை முகத்துக்கு நேரே சொன்னவர்.

பூ ஞாயிற்றுக்கிழமை வந்தது. செவ்வந்தி பழுப்பாகி, பெட்டிக்குள் சூடாக மணத்தது. அதோடு எங்கள் கூட்டு முடிந்தது. அத்தான் இப்போது சீனாவில் இருந்து துணிப்பூ எடுக்கிறார். அது வாடாது, சான்றிதழும் கேட்காது. வாடகைக்குக் கொடுக்கிறார், தொழில் நன்றாகப் போகிறது. நான் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலைசெய்கிறேன். குமரன் தன் பூவை ஜெர்மனிக்கும் பாரிசுக்கும் அனுப்புகிறான். அக்கா வீட்டுக்குப் போகிறேன், அவள் சமைத்ததைச் சாப்பிடுகிறேன். அத்தான் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டிவிடுவார். அவர் போட்ட வாக்கு அக்காவுக்குத் தெரியுமா என்று நான் கேட்கவில்லை.

என் கணவருக்கு இந்த நாட்டின் சொல்லில் நம்பிக்கை போய்விட்டது. அனுமதி தந்தவர்கள் நாளைக்கு எடுத்தால் என்ன செய்வது என்று பிரிட்டிஷ் குடியுரிமை எடுத்தார். அதற்கு ஹொலண்ட் பாஸ்போட்டைக் கைவிட வேண்டியிருந்தது. எனக்கு மனம் வரவில்லை.

போன கோடையில் குமரனைப் பார்க்கக் கப்பலில் போனோம். ஹொலண்ட் துறைமுகத்தில் இவரை, பிரிட்டிஷ் பாஸ்போட் என்று, மற்ற வரிசைக்குக் கைகாட்டினார்கள். நான் சில நிமிடத்தில் சோதனைக் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய்விட்டேன். இவர் வளைந்து வளைந்து போன நீண்ட வரிசையில், எங்கள் இரண்டு பேரின் பைகளையும் தள்ளிக்கொண்டு நின்றார். நான் நகராமல் நிற்பதைப் பார்த்த இளம் அதிகாரி ஒருவன் வந்து, டச்சு மொழியில் யாருக்காகக் காத்திருக்கிறேன் என்று கேட்டான்.

"என் கணவருக்கு" என்றேன்.

அவன் ஐரோப்பிய ஒன்றியத்தாருக்கான எங்கள் வரிசையைத் திரும்பிப் பார்த்தான். அதில் ஒருவரும் இல்லை.

"அதில் இல்லை" என்று கண்ணாடிக்கு அப்பால் காட்டினேன். "வெளிநாட்டுக்காரர் வரிசையில் நிற்கிறார்."